தவக்காலத்துக்கு விட்ட மாத்திரை

டீயை விடுவது எனக்கு உயிரை விடுவது மாதிரி. அப்படியும் இந்தத் தவக்காலத்துக்கு விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி மனைவி மணிமேகலையைக் கூப்பிட்டு, "நான் டீயை விட்டுட்டேன். நீயும் ஆண்டவருக்காக ஒண்ணை விடணுமில்ல? அந்த மாத்திரையை விடு" என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

அவள் சித்தேரி மலைக்காரி. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பெண் பார்க்கப் போனபோது அதை மறைத்துவிட்டார்கள். என் தம்பி அந்தோணி பிரகாஷுக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். அன்றிலிருந்து மாத்திரை என் பீரோவில்தான் இருந்தது. தம்பி சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்பியதும் எடுத்துக் கொடுப்பேன். பொம்மிடி தியானக் கூட்டத்தில் ஒரு அம்மா, மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னாலும் சொன்னார், எனக்குப் புத்தி கெட்டது.

"நீங்க சொன்னா சரிங்க அண்ணி" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லாரும் முழங்காலிட்டபோது விழுந்தாள். வாயில் நுரை, கண் சொருகிவிட்டது. கோயிலே பார்த்தது. "மலையிலருந்து எதையோ கூட்டிட்டு வந்திருக்கறா" என்று யாரோ சொன்னதைத் தம்பி பிடித்துக்கொண்டான். பங்குச் சாமியாரிடம் ஓடினான். பேய் ஓட்ட ஆயர் அனுமதி வேண்டும், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றாராம். இவன் கேட்பானா? ஞாயிறு சாயங்காலம் ஜெபக்குழு இன்னாசிராஜ் அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

மணிமேகலை அப்போதுதான் மறுபடியும் விழுந்து அடங்கியிருந்தாள். சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத பார்வை.

இன்னாசிராஜ் அண்ணன் கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்காகக் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். தீர்த்தம் தெளித்தார். ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

"எல்லா அதிகாரமும் ஆண்டவருக்குத்தான். அவரு கேட்டா நீ பேசித்தான் ஆகணும். இயேசுவின் பெயரால கேக்கறேன், உன் பேரு என்ன?"

அவளுக்கு நாக்கே எழவில்லை. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் தம்பி இவளை அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவான், இவள் வாழ்க்கை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். ஊர் என்னைக் காறித் துப்புமே என்ற பயம்தான்.

"சொல்றயா இல்லயா?" தம்பி அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அவள் "அம்மா" என்று முனகினாள்.

"அவரு முன்னால ஒளிய முடியாது! பேரைச் சொல்லு!" என்றார் இன்னாசிராஜ் அண்ணன்.

அவர் கையிலிருந்த சுரூபத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஜோஸ்பின்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என் பேருதான். அவளை விடுடா. அவளுக்கு வலிப்பு. மாத்திரையை நிறுத்துனவ நான்தான், படுபாவி."

தம்பியின் கை தானாக விட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தேவாக்கா?"

"ஆமா. அதுக்காக என்கிட்ட அப்புறமா கத்து. இப்ப ஆட்டோவைக் கூப்புடு."

தம்பி செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினான். இன்னாசிராஜ் அண்ணன் சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பீரோவைத் திறந்து, டாக்டரிடம் காட்ட மாத்திரை அட்டையை எடுத்துவந்தேன். தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒன்றும் குறையாமல் அப்படியே இருந்தது.

மணிமேகலைக்கு மெல்ல நினைவு திரும்பியது. முகத்தைத் துடைத்துவிட்டேன். கண்ணீரில் எனக்கு அவள் முகமே சரியாகத் தெரியவில்லை.

"மறுபடியும் விழுந்துட்டனுங்களா அண்ணி? ஈஸ்டர் வரைக்கும் எப்படியாவது தாங்கிரலாம்னு பார்த்தனுங்க. முடியல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க டீ குடிச்சிராதீங்க அண்ணி. நீங்களாவது முழுசா முடிங்க."