காற்று இல்லாத இடம்

மின்பொறியியல் படித்துவிட்டு ஷா ஆலம் நகரில், ஏர்கான் எனும் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தாள் பிரேமினி. பவர் சப்ளை போர்டுகளை வடிவமைப்பது அவள் வேலை. பக்கத்துச் சாலையில் சிறிய செயற்கைக்கோள்கள் செய்யும் நிறுவனம் ஒன்று ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். நேர்காணலில், "விண்வெளி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. பவர் சப்ளை நல்லா தெரியும்" என்று உள்ளதைச் சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அம்மா இராசேஸ்வரிக்குத்தான் கலக்கம். "நீயும் ராக்கெட்ல ஏறிப் போகணுமா?" என்று கேட்டார்.

"நாங்க செய்யற பெட்டி மட்டும்தாம்மா போகும். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்."

செயற்கைக்கோளின் பேட்டரியை சார்ஜ் செய்யும் போர்டை அவளிடம் ஒப்படைத்தார்கள். மேசையில் வைத்துப் பார்த்தபோது அது அருமையாக ஓடியது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட சோதனை அறைக்குள் வைத்ததும் சூடேறி அணைந்துபோனது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அணைந்தது.

செயற்கைக்கோளின் சட்டகத்தைச் செய்தவர் ஜெயராஜ், பக்கத்து ஊரான கிள்ளான்காரர். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏர்கான் போர்டுக்கு ஃபேன் வச்சிருந்தீங்களா?" என்றார்.

"இல்லையே. சும்மாவே ஆறிடும், அங்கதான்…" பிரேமினி பாதியில் நிறுத்தினாள். "அங்க காத்து இருந்துச்சு."

இத்தனை வருடமும் அவள் போர்டுகளின் சூட்டைக் காற்றுதான் சத்தமில்லாமல் வாங்கிப் போயிருக்கிறது. மேலே அது கிடையாது. சூடு உலோகத்தின் வழியே சட்டகத்துக்குப் போயாக வேண்டும். அதற்கு, ஜெயராஜ் செய்து முடித்த சட்டகத்தையே மாற்ற வேண்டும்.

மதியம் அவர் மேசைக்குப் போனாள். "உங்க ஃப்ரேமை மறுபடி செய்யணும். எப்படிக் கேக்கறதுன்னே தெரியல."

"அதான் கேட்டுட்டீங்க லா. என் முதல் ஃப்ரேம் ராக்கெட் மாதிரி குலுக்குற டெஸ்ட்ல விரிசல் விட்டுச்சு. உக்காருங்க, வரைஞ்சு பாப்போம்."

மறுநாள் கூட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். பிரேமினி வாய் திறக்குமுன் ஜெயராஜ், "நம்ம டிசைன்ல ஒரு மாத்தம். ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறோம்" என்றார். அவ்வளவுதான். அவள் போர்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சூடாகும் பாகத்தை ஓரத்துக்குக் கொண்டுவந்து, தடித்த அலுமினியத் தகடு ஒன்றால் சட்டகத்தோடு பிணைத்தார்கள். அடுத்த சோதனையில் போர்டு அணையவில்லை.

அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் செயற்கைக்கோள் ஏறியது. ஒரு காலை, நாட்டுக்கு மேலே அது கடந்தபோது முதல் தகவல் இறங்கியது. பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. சூடு அளவோடு இருந்தது. அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். பிரேமினிக்குத் திரை கலங்கித் தெரிந்தது.

ஜெயராஜிடம் போனாள். "அன்னைக்கு கூட்டத்துல நீங்க அப்படிச் சொல்லலைன்னா, நான் ஏர்கானுக்கே திரும்பிப் போயிருப்பேன். ரொம்ப நன்றி."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "ஐயோ, அழாதீங்க லா. கிள்ளான்ல வாழையிலைச் சாப்பாடு, எல்லாரும் போறோம். வாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாய் அவர் காரில் ஏறிக்கொண்டாள்.