சுத்தியல் சத்தம் கேட்காத ஞாயிறு

போலந்து நாட்டு ராடோம் நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி பார்க்க வேண்டியதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் சுவருக்குச் சுவர் டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம் கிளம்பிவிடும். பன்றி இறைச்சித் துண்டைப் பலகையில் வைத்துத் தட்டித் தட்டி அகலமாக்கி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்தெடுத்தால்தான் எங்களுக்கு அது ஞாயிறு. எந்தத் தட்டு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் அத்துப்படி. இரண்டாம் மாடி ஆசிரியை பூனையைத் தடவிக்கொடுப்பதுபோல் தட்டுவாள். நான்காம் மாடி யாத்விகா தட்டினால் கீழ்வீட்டுக் கூரை விளக்கு ஆடும்.

யாத்விகாவின் புருஷன் ஸெனோன் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கையால் ஓட்டியதைவிட வாயால் ஓட்டியதுதான் அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். சூப் சூடு போதாது, உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது, பாதிரியார் பிரசங்கம் நீளம், பக்கத்து வீட்டு நாய்க்கு அறிவில்லை என்று அவர் குறை சொல்லாத பொருளே உலகத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆகஸ்டில் ஒருநாள் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, சரிசெய்து, தைத்து அனுப்பினார்கள்.

"இதயம் இப்ப நல்லா இருக்கு. நல்லா சாப்பிடணும், நல்லா நடக்கணும். பன்றிக் கொழுப்புப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

தைத்த இடம் ஆறிவிட்டது. மனுஷன்தான் ஆறவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மேலே ஒரு போர்வை, அவ்வளவுதான் அவர் உலகம். ஓட்ஸ் கஞ்சியில் இரண்டு கரண்டி, ரொட்டியில் ஒரு கடி. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. படி இறங்கவே இல்லை. இதையெல்லாம்கூட யாத்விகா தாங்கிக்கொண்டிருப்பாள். அவளால் தாங்க முடியாதது வேறு. எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அவர் "நல்லா இருக்கு" என்றார்.

ஒருநாள் வேண்டுமென்றே சூப்பில் உப்பு போடாமல் கொடுத்துப் பார்த்தாள். மூன்று வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு யாஜா" என்று அவளைச் செல்லப்பெயரில் கூப்பிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அவள் குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குறை சொல்வதற்குக்கூட இந்த உலகத்தில் அவருக்கு எதுவும் மிச்சமில்லை, இவர் கிளம்ப முடிவெடுத்துவிட்டார் என்று பட்டது. அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போஸ்னான் நகரத்தில் இருக்கும் மகள் தொரோத்தா ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். கொழுப்பில்லாமல் சூடான காற்றிலேயே பொரித்துத் தரும் பெட்டி. பழைய ஸெனோனாக இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மணி நேரம் நக்கலடித்திருப்பார். இப்போது "சரி" என்றார்.

யாத்விகா தன் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைத் தட்டினாள். தட்டியது தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது, பெட்டியின் கூடைக்குள் போக மாட்டேன் என்றது. மடித்துத் திணித்தாள். உள்ளே காற்று சுழன்றதும் ரொட்டித்தூள் பாதி பறந்துபோய் மேலே கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. மீதிப் பாதி வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புபோல் நின்றது. உள்ளே கறி செருப்புத் தோல். அடுத்த ஞாயிறும் அதே கதி, அதற்கடுத்த ஞாயிறும் அதே கதி. ஒவ்வொரு தடவையும் ஸெனோன் இரண்டு வாய் மென்றுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக வீசியெறிய யாத்விகாவுக்குக் கை துறுதுறுத்தது.

மகளைப் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அம்மா, நீ சமைக்கிறியா, சுவத்தை இடிக்கிறியா?" என்றாள் தொரோத்தா. "தட்டாத. எலும்போட மெல்லிசா வெட்டின சாப்ஸ் வாங்கு. ஓரத்துக் கொழுப்பை ரெண்டு மூணு இடத்துல கீறி விடு, இல்லன்னா சுருண்டுக்கும். ரொட்டித்தூளை ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறிட்டு அப்புறம் புரட்டு, பறக்காது. பெட்டியை முதல்ல வெறுமனே நல்லா சூடாக்கிக்கோ. ஒண்ணு மேல ஒண்ணு படாம வை. பாதியில ஒருதரம் திருப்பிப் போடு. பத்து நிமிஷம்கூட ஆகாது."

"தட்டாம செய்யறதா? ஊரு சிரிக்கும்டி."

"ஊரு சாப்பிடப்போகுதா, அப்பா சாப்பிடப்போறாரா?"

யாத்விகா போனை வைத்தாள். சனிக்கிழமை கறிக்கடைக்குப் போய், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, எலும்போடு மெல்லிசாக இரண்டு துண்டு வேண்டும் என்றாள். கடைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களைப் பானி என்றும் ஆண்களைப் பான் என்றும் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"மெல்லிசாவா? உங்களுக்கா? ஏன் பானி யாத்விகா, சுத்தியல் உடைஞ்சு போச்சா?"

"சுத்தியலுக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் கத்தியைப் பாரு. விரல் தண்டிக்கு வேணாம், அதுல பாதி போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவள் போகவில்லை, சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சாப்ஸில் உப்பு, மிளகு, பூண்டு, காரமில்லாத சிவப்பு மிளகாய்ப்பொடி தடவினாள். மகள் சொன்னபடியே ஓரத்தைக் கீறி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பிசறிய தூளை அழுத்திவிட்டாள். கை தானாகப் போய் சுத்தியலை எடுத்தது. அதைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். மெல்லிசுக் கறியை இன்னும் தட்டினால் மறுபக்கம் தெரியும்.

இரண்டையும் கூடையில் வைத்துத் தள்ளினாள். பெட்டி ஹ்ஹ்ம் என்று மூச்சுவிட ஆரம்பித்தது. முதலில் பூண்டு வாசனை வந்தது, அப்புறம் கறி வாசனை, அப்புறம் புகை. ஓரத்துக் கொழுப்பு உருகி அடித்தட்டில் சொட்டி, அது புகைந்துகொண்டிருந்தது. கூடையை இழுத்துத் திருப்பிப் போட்டாள், சமையலறை முழுக்கப் புகை. சமையலறை ஜன்னலைத் திறந்தாள், போதவில்லை. கூடத்துக்கு ஓடி அங்கேயும் ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள். நவம்பர் காற்று சில்லென்று உள்ளே புகுந்தது. ஸெனோன் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வந்தாள். குளிருது என்றுகூட அவர் சொல்லவில்லை.

பெட்டி மணியடித்து நின்றது. கூடையை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டும் தங்க நிறத்தில், ஓரமெல்லாம் மொறுமொறுப்பாக, எலும்பருகில் கொழுப்பு கொதிக்கக் கிடந்தன. ஒரு தட்டை எடுக்கக் கை நீட்டும்போது வாசல் மணி அடித்தது.

மூன்றாம் மாடி கிளெமெந்தினா நின்றுகொண்டிருந்தாள். தலையில் கறுப்புச் சால்வை, ஒரு கையில் துணி போர்த்திய தட்டு, முகமெல்லாம் கண்ணீர். யாத்விகா வாயைத் திறப்பதற்குள் மறு கையால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ பானி யாத்விகா! போயிட்டாரே! ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியை அவருக்குக் கொடும்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தனியா எப்பிடித் தாங்குனீங்க?"

"யாரு? என்ன சொல்றீங்க?"

"நல்ல மனுஷன்! வாய்தான் கொஞ்சம் நீளம். மாடிப்படியில சிகரெட் குடிச்சு நாறடிச்சாரு, இருந்தாலும் மனசு தங்கம். என் குளியலறைக் குழாயைச் சரிபண்றேன்னு வந்து அதை உடைச்சு வீட்டையே ஏரியாக்கிட்டுப் போனாரு, நான் ஏதாச்சும் சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

யாத்விகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் எவ்வளவு நேரம் இருந்தேன்? கண்ணை மூடித்தானே கிடந்தார்? அவ்வளவு குளிர் காற்று மூஞ்சியில் அடித்தும் அசையவில்லையே! இவள் கீழேயிருந்து எதைப் பார்த்தாள்? கிளெமெந்தினாவின் கையைப் பிய்த்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. திறந்த ஜன்னலுக்கு வெளியே திரைச்சீலை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்காம் மாடி. யாத்விகா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"யாரு சொன்னது அந்தக் குழாய் என்னால உடைஞ்சுதுன்னு?"

குரல் சமையலறையிலிருந்து வந்தது. ஸெனோன் அதன் வாசற்படியில் நின்றார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்திருந்தார், மறு கையில் எலும்பைப் பிடித்தபடி ஒரு சாப்ஸ். அதில் நல்ல பெரிய கடி ஒன்று காணாமல் போயிருந்தது. உதட்டில் ரொட்டித்தூள்.

கிளெமெந்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். தட்டை மட்டும் விடவில்லை.

"பான் ஸெனோன்! உசிரோடயா இருக்கீங்க?"

"இல்ல, பேய். பசிக்குதேன்னு எந்திரிச்சு வந்தேன். வந்த எடத்துல எனக்கே இரங்கல் உரை ஓடிக்கிட்டிருக்கு. அதுலயும் பொய்! அந்தக் குழாய் முன்னாடியே துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. நான் தொட்டேன், அது விழுந்துச்சு. தொட்டது குத்தமா?"

"சுத்தியல் சத்தமே கேக்கலியே!" கிளெமெந்தினாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை என் விளக்கு ஆடாம இருந்திருக்கா? நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட பானி யாத்விகா தட்டுனாங்க. இன்னிக்குப் பூசையிலயும் ஆளைக் காணோம். திரும்பி வந்து முற்றத்துல நின்னு மேல பாக்கறேன், ஜன்னல் ரெண்டு கதவும் ஆன்னு தொறந்து கெடக்கு. நவம்பர் மாசத்துல! வேற என்னத்த நெனைக்கிறது நானு?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பிரிந்த ஆத்மா வெளியே போகட்டும் என்று எங்கள் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி தட்டாத வீடு, குளிரில் திறந்து கிடக்கும் ஜன்னல் என்றால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் கறுப்புச் சால்வையைத்தான் தேடியிருப்பார்கள்.

"புகைக்காகத் தொறந்தேன்" என்றாள் யாத்விகா. சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"அந்தத் துணிக்குள்ள என்ன?" என்றார் ஸெனோன்.

"பாலாடைக்கட்டி கேக்."

"என் துக்கத்துக்கு கேக்கா!"

"ஞாயித்துக்கிழமைக்குன்னு செஞ்சது. துக்க வீட்டுக்கு வெறுங்கையோட வர முடியுமா?"

"உள்ள வச்சிட்டுப் போங்க. செத்தவனுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது." ஸெனோன் இன்னொரு கடி கடித்தார். மென்றார். முகத்தைச் சுளித்தார். "யாஜா, இதுல உப்பு பத்தல."

யாத்விகா நிமிர்ந்து பார்த்தாள்.

"மிளகும் பத்தல. ஓரம் மொறுமொறுன்னு நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா அந்த மிளகாய்ப்பொடி எதுக்கு? எல்லாத்துலயும் அதை அள்ளிக் கொட்ட நாம என்ன ஹங்கேரிக்காரங்களா? இதெல்லாம் உன் பொண்ணு சொல்லிக் குடுத்த வேலைதானே!" சொல்லிக்கொண்டே எலும்பைச் சுற்றித் திருப்பிக் கடித்தார். எலும்போடு ஒட்டியிருந்த சதையைப் பல்லால் இழுத்தார். விரலை நக்கினார். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருந்தது. யாத்விகா கோயிலில் பாட்டுக் கேட்பதுபோல் அந்தத் திட்டை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் திட்டு, இன்னும் திட்டு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"தொட்டதுக்கெல்லாம் குழாய் விழாது பான் ஸெனோன்" என்று கிளெமெந்தினா விட்ட இடத்தில் பிடித்தாள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அவள் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

"விழும். திருகாணியில மரை தேஞ்சா விழும். வாங்க, இப்பவே காட்டறேன்."

எலும்பைத் தட்டில் போட்டார், கையைத் துண்டில் துடைத்தார், கதவருகில் போய்ச் செருப்பை மாட்டினார். யாத்விகா பதறி எழுந்தாள்.

"ஸெனோன், மாடிப்படி!"

"படிதான். நான் பாக்காத படியா? ஒரு மாடிதானே."

நான் கைபிடித்துக்கொள்கிறேன் என்று கிளெமெந்தினா அவர் முழங்கையைப் பற்றினாள். விடுங்க, எனக்குக் கைப்பிடிக் கம்பி போதும் என்று அவர் உதறினார். இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார்.

"நாளைக்கு என்ன சமைக்கப் போற?"

ஆகஸ்டிலிருந்து அந்த மனுஷன் வாயில் நாளை என்ற வார்த்தையே வந்ததில்லை.

"என்ன வேணும் உனக்கு?" என்றாள் யாத்விகா.

"இரு, யோசிச்சுச் சொல்றேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, வழி முழுக்கக் குழாயைப் பற்றிச் சண்டை போட்டபடியே இறங்கினார். கீழே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை யாத்விகா வாசலிலேயே நின்றாள். அப்புறம் சமையலறைக்குப் போனாள். அவளுடைய சாப்ஸ் கூடையில் இன்னும் சூடாகத்தான் இருந்தது. தட்டு, முள்கரண்டி எதையும் தேடாமல், நின்றபடியே, கையால் எடுத்து முழுக்கச் சாப்பிட்டாள். உண்மையிலேயே உப்பு பத்தவில்லை.