ஓரத்தில் முளைத்த வால்வு

தண்ணீர்க் குழாய் அலுவலகத்தின் வரைபடக்காரருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்த வாரம் முழுக்கக் காது ஆறவே இல்லை.

தெருப் படங்கள் இரண்டைக் கணினித் திரையில் முன்னும் பின்னுமாகத் திறந்து வைத்து வேலை செய்வது அவர் வழக்கம். முன்னால் இருந்த படத்தின் ஜன்னல் ஓரத்தில் மவுஸை அழுத்தி ஒரு வால்வைக் குறித்தார். அது பின்னால் ஒளிந்திருந்த படத்தில் போய் முளைத்தது. கவனிக்காமல் இரண்டையும் சேமித்துவிட்டார். பள்ளம் தோண்டுகிறவர்கள் படத்தை நம்பி, ஒரு முடிதிருத்தும் கடையின் வாசலைப் பெயர்த்தார்கள். பாதிச் சவரத்தோடு ஒருவர் குழியைத் தாண்டிக் குதித்து வீட்டுக்கு ஓடினாராம்.

அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான் அவருடைய மச்சான்தான், மனைவியின் தம்பி.

"புரோகிராம்ல ஒண்ணுமில்ல மாமா. உங்க கைதான் நடுங்குது. அம்பத்தஞ்சு ஆச்சுல்ல?"

"இருபத்தஞ்சு வருஷம் பேனாவால கோடு போட்ட கைடா இது!"

"அது பேனா, இது மவுஸ்."

மேலாளர் மச்சான் பக்கம் சாய்ந்தார். திங்கட்கிழமை முதல் கோப்பு அறைக்குப் போகச் சொல்லிவிட்டார். வீட்டிலோ மனைவி தேநீரை அரைக் கோப்பை மட்டும் ஊற்றினாள். சிந்திவிடுவாராம். கோப்பு அறையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த அரைக் கோப்பைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரையும் மச்சானையும் தன் மேசைக்கு இழுத்து வந்தார். அம்புக்குறியை முன் ஜன்னலுக்குள், ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி நிறுத்தினார். மவுஸை நாலு பக்கமும் டேப் போட்டு மேசையோடு ஒட்டினார்.

"சார், இந்தப் பென்சிலால அழுத்துங்க. என் கை ரெண்டும் இதோ, முதுகுக்குப் பின்னால."

மேலாளர் அழுத்தினார். முன் படத்தில் ஒன்றுமே இல்லை. அதை மூடிப் பார்த்தால், பின் படத்தில் யாரோ ஒருவருடைய குளியலறையின் நடுவில் ஜம்மென்று ஒரு வால்வு.

"இன்னொரு தடவை பாக்கலாமே..." என்று மச்சான் இழுத்தான்.

பார்த்தார்கள். இன்னொரு வால்வு.

"இப்ப யாரு கைடா நடுங்குச்சு? டேப்போட கையா? இல்ல, மேசைக்கு வயசாயிடுச்சா?"

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "கோப்பு அறை வேணாம். நீங்க இங்கேயே இருங்க."

மச்சான் முகம் செத்துப் போயிருந்தது. "ஓரத்துக்குக் கணக்கு தப்பா போட்டுட்டேன் மாமா. சரி பண்ணிடறேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

திட்டுவதற்கென்று பத்து வார்த்தைகள் தயாராக வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆறை விழுங்கிவிட்டு நாலால் மட்டும் திட்டினார். பிறகு சொன்னார்:

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. இப்பவே போனப் போடு."

சாயங்காலம் கோப்பை விளிம்பு வரை தேநீர் வந்தது. மனைவி எதிரே நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். அவர் எடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. நாக்கு மட்டும் வெந்தது. நடுவில் கீழே வைத்தால் என்ன நினைப்பாளோ என்று, காது சிவக்கச் சிவக்க முழுவதையும் குடித்து முடித்தார்.