ஒரு பொருள் குறைவு

எனக்குக் கோவம் மூக்கு மேல. அதை நானே ஒத்துக்கறேன். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுல ஒரே கம்பெனி, ஒரே ஸ்டோர். ஸ்பானர், டிரில், மீட்டர்னு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது பொருள் என் பொறுப்புல. என் கையால ஒண்ணுகூடக் குறைஞ்சதில்லை. புதுசா வந்த மேனேஜர் என் ரிஜிஸ்டரை ரெண்டு விரலால தூக்கி, "இன்னுமா பேனாவுல எழுதறீங்க?"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சார். அன்னைக்கு மத்தியானமே ராஜினாமா லெட்டரை அவர் மேசையில வச்சிட்டு வந்துட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா வீட்டுக்காரி. "பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போறா."

"கணக்குப் போடாமலா செய்வேன்?"னேன்.

கணக்கு இதுதான். என் விசாவுலதான் அவங்க ரெண்டு பேர் விசாவும் தொங்குது. நோட்டீஸ் மாசம் முடிஞ்சதும், இவர்கிட்டேருந்து எதுவும் வரவேண்டியதில்லைன்னு ஆறு டிபார்ட்மெண்டும் கிளியரன்ஸ் ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். ஃபாரம் முழுசானா அன்னைக்கே விசா கேன்சல். அதுலேருந்து முப்பது நாள்ல மூணு பேரும் நாட்டை விட்டுக் கிளம்பியாகணும். பள்ளிக்கூடம் கொடுத்த அட்டவணையைப் பாத்தேன். விசா கேன்சலாகிற நாள்லேருந்து எண்ணினா, கடைசிப் பரீட்சை இருபத்தெட்டாவது நாள். ரெண்டு நாள் கையில இருக்கு. போதாதா?

மத்தவங்க அந்த ஃபாரத்தை மூணு வாரம் இழுப்பாங்க. நான் ரெண்டே நாள்ல அஞ்சு கையெழுத்து வாங்கிட்டேன். மிச்சம் என் ஸ்டோர் மட்டும்தான். பொறுப்பை வாங்கிக்கறவன் எல்லாத்தையும் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அது மறுநாள் வேலை. சாயங்காலம் ஃபாரத்தை வீட்டுக்காரி முன்னாடி பெருமையா ஆட்டிக் காட்டினேன்.

அவ ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த அட்டவணையை எடுத்தா. திருப்பினா. என் கையில கொடுத்தா.

பின்பக்கத்துல கணக்கு, அறிவியல். முப்பத்தஞ்சாவது நாள் ஒண்ணு, முப்பத்தெட்டாவது நாள் ஒண்ணு.

அடப்பாவி மனுஷான்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஸ்டோர் ஜன்னல்ல சீட்டை நீட்டுற ஒவ்வொருத்தனையும், "பின்பக்கம் திருப்பிப் பாருய்யா, கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?"ன்னு கத்தினவன் நான். என் பொண்ணு பரீட்சை அட்டவணையை நான் திருப்பிப் பாக்கலை. ஹாலுக்குள்ள விடணும்னா செல்லுபடியாகிற குடியிருப்பு அட்டை வேணும். ரெண்டு பேப்பர் எழுதலைன்னா அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

பொண்ணு படிக்கிற மேசையிலேருந்து திரும்பாமலே சொன்னா. "பரவாயில்லப்பா. அடுத்த வருஷம் ஊர்ல போய் எழுதிக்கறேன்."

கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். ராத்திரி சோறு இறங்கலை.

காலையில மேனேஜர் முன்னாடி போய் நின்னேன். "ஒரு பத்து நாள் தள்ளிக் கொடுங்க சார்." நான் அந்தக் கம்பெனியில கேட்ட முதல் சலுகை அது.

"அன்னைக்கு வேலையை அன்னைக்கே முடிங்கன்னு நீங்கதானே எல்லாரையும் விரட்டுவீங்க?"ன்னார். "சாயங்காலத்துக்குள்ள ஃபாரம் விசா கிளார்க் கைக்குப் போயாகணும்."

என் வார்த்தையை எடுத்து என் மூஞ்சியிலயே அடிச்சார்.

ஸ்டோருக்கு வந்தேன். பொறுப்பை வாங்கிக்க நின்னவன் டேப்பு. அது நான் வச்ச பேர். எட்டு வருஷம் முன்னாடி அவன் ஃபிட்டர். ஒப்பந்தம் முடிஞ்சு கிளம்பற நேரத்துல, அளவெடுக்கிற டேப்பைத் தொலைச்சிட்டேன்னு வந்து நின்னான். நான் விடுவேனா? 'ஒரு பொருள் குறைவு'ன்னு எழுதி அவன் கிளியரன்ஸை நிறுத்தினேன். கம்பெனி ரூல் அது. தேடறதுக்குப் பதினஞ்சு நாள். அதுவரைக்கும் ஃபாரம் நகராது, விசாவைத் தொடமாட்டாங்க. அதுக்குள்ள ஆள் பத்தலைன்னு அவனுக்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சாங்க. அன்னையிலேருந்து அவன் டேப்பு. "டேப்பு, இன்னைக்குச் செருப்பைத் தொலைக்காம வந்தியா?"ன்னு கேன்டீன்ல, பஸ்ல நான் கேக்காத நாளில்லை. சிரிச்சுக்குவான்.

ரெண்டு பேரும் எண்ணி முடிச்சோம். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதும் சரி. அவன் பேனாவைத் திறந்தான்.

"இருடா"ன்னேன். பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். அவன் பேனாவை மூடினான்.

"எத்தனை நாள் வேணும் அண்ணே?"

"குறைஞ்சது எட்டு."

"அப்ப ஏதாவது ஒண்ணு தொலையணும்."

"வாயை மூடு. என்னால இங்க ஒரு நட்டு கூடத் தொலைஞ்சதில்லை."

"என்னால மட்டும் தொலைஞ்சுதா?"ன்னான். குரல் ஏறலை. "அப்ப என் பொண்ணு பிறந்து நாலு நாள். எடை ரெண்டு கிலோ கூட இல்லை, ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. விசா போனா வைத்தியமும் போச்சு. டேப் என் பையிலதான் இருந்துச்சு அண்ணே. பன்னெண்டாவது நாள் கிடைச்சிடுச்சுன்னு கொண்டுவந்து கொடுத்தேனே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"உங்ககிட்டயா?"

கிண்டல் பண்ணலை. நிஜமாவே கேட்டான். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவன் முகத்தைப் பாக்க முடியலை.

ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வச்சான். "நான் எழுதினா மேனேஜர் நோண்டுவார். நீங்களே எழுதினா யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா உங்க சர்வீஸ் சர்டிபிகேட்ல ஏறிடும். யோசிச்சுக்கோங்க."

இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். இருந்துச்சு. பக்கம் பக்கமா 'சரி', 'சரி'ன்னு என் கையெழுத்து. ஊருக்குத் திரும்பறப்ப எடுத்துட்டுப் போக எனக்கு இருந்த பெருமை அது ஒண்ணுதான். பேனாவை எடுத்தேன்.

"எந்தப் பொருள் அண்ணே?"

"டேப்"னேன்.

எழுதினேன். 'ஒரு பொருள் குறைவு: டேப், ஐந்து மீட்டர். பொறுப்பு: நான்.' அவன் ரேக்கிலேருந்து அதை எடுத்து என் சட்டைப் பையில போட்டான்.

மறுநாளே விஷயம் பரவிடுச்சு. "உங்க பேனா ரிஜிஸ்டர் லட்சணம் இவ்வளவுதானா?"ன்னார் மேனேஜர். நான் வாயைத் திறக்கலை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

பத்தாவது நாள் டேப் 'கிடைச்சுது'. கேன்சல் தாள்ல கையெழுத்துப் போட்டேன். அன்னையிலேருந்து முப்பது நாள். அறிவியல் பேப்பர் முடிஞ்சும் ரெண்டு நாள் மிஞ்சும். இந்தத் தடவை பின்பக்கத்தையும் திருப்பிப் பாத்துட்டேன்.

கடைசித் தடவையா கம்பெனி பஸ்ஸுக்கு நின்னேன். கூட்டத்துலேருந்து ஒரு வெல்டர் கத்தினான். "என்ன டேப்பு அண்ணே, வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. சுருக்னு ஏறின கோவத்தை முழுங்கிட்டு நானும் சிரிச்சேன். என்கிட்ட டேப்பு பேர் வாங்கினவன் எட்டு வருஷம் சிரிச்ச சிரிப்பு இதுதானான்னு அப்பதான் தெரிஞ்சுது. பக்கத்துல நின்ன அவன் மட்டும் சிரிக்கலை.

"உன் பொண்ணு எப்படிடா இருக்கா?"ன்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட நான் அதைக் கேட்டதில்லை.

"மூணாவது படிக்கிறா அண்ணே"ன்னான்.