உப்பு கம்மி

அவள் வதக்கி வைத்த உருளைக்கிழங்கை ஒரு வாய் போட்டுக்கொண்ட கணவர், "உப்பு கம்மி" என்றதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வேறு வீடாக இருந்தால் இது உப்புப் பெறாத விஷயம். இவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே தடை.

இருவரும் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், நிலத்துக்கடியில் ஆளுயரத் தொட்டியில் திரவ ஸெனான் குளிர்ந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் அண்டமெங்கும் நிறைந்திருக்கும் இருண்ட பொருளின் துகளோ, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவோ அதில் ஓர் அணுவை இடித்தால் மினுக்கென்று ஒரு வெளிச்சம்; திரையில் ஒரு புள்ளி. ஆசைப்பட்டதைத்தானே கண் பார்க்கும்? அதனால் நிஜ மினுக்கல்களுக்கு நடுவே சில பொய்களையும் ரகசியமாகக் கலந்துவிடுவார்கள். அதற்குத்தான் அங்கே உப்பு என்று பெயர். கலப்பவர் அவள் கணவர்; சலித்தெடுப்பவள் அவள். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, ஒரே வீட்டில் இப்படியொரு பொருத்தம். ஆறு மாதமாக மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் திரிந்தார்.

இன்று உப்பை நீக்கும் நாள். தொட்டிச் சுவரை ஒட்டி விழுந்த, சுவரிலிருந்தே கிளம்பிய கசடாகவும் இருக்கக்கூடிய ஒரு புள்ளியை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா என்பது மட்டும் பாக்கி. முடிவு அவளுடையது. அது நிஜம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் உப்பு கம்மி, அதாவது பொய்கள் குறைவு என்று காதில் விழுந்த பிறகு சொன்னால், அது யாருடைய முடிவு? கிழங்கை ருசி பார்க்கக்கூடத் தோன்றாமல் டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னாள். "இனி அந்தப் புள்ளியப் பத்தி நான் பேசக் கூடாது. வேற யாராவது பாருங்க."

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் கிழங்கத்தான் சொன்னேன்."

குழுத் தலைவி சிரிக்கவில்லை. "மிச்சம் இருக்கா?"

டப்பா திறந்தது. தலைவி ஒரு துண்டை நிதானமாக மென்றுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். டப்பா மேசையைச் சுற்றி வந்தது.

"கம்மியா? நீ போடவே இல்லையேம்மா," என்றார் தலைவி. "முடிவ நீயே சொல்லு."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "வச்சுக்கலாம்" என்றாள். குரல் பிசிறவில்லை.

திரையில் உப்பு ஒவ்வொன்றாக மறைந்தது. நடுவில் அழகாக விழுந்திருந்தவை, எல்லோரும் உயிரையே வைத்திருந்தவை, அத்தனையும் போயின.

"அது நான் போட்டதில்ல," என்றார் கணவர். "தெரிஞ்சும் சொல்ல முடியாம ஆறு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுமையான திரையில், சுவரை ஒட்டி, ஒற்றைப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.