சாந்தி கார்டன் சத்தம் விழும் வீடு

சாந்தி கார்டனில் எழும் சத்தம் எதுவும் அங்கே கேட்காது; வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாயம்மாள் வீட்டுக்குள் போய் விழும். தாடிக்கொம்பு ரோட்டில் அந்த நகரில் மட்டும் மனை விலை ஒன்றரை மடங்காக இருந்ததற்குக் காரணம் அதுதான். மற்றபடி அங்கே தண்ணீர் உப்பு, பஸ் நிறுத்தம் தூரம், மரம் என்று சொல்ல நாலைந்து வேம்பு மட்டுமே. கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கும். அதைவிட ஓரடி தள்ளிப் போனால் வாய் அசைவது மட்டும் தெரியும். ரோட்டில் போகும் லாரியின் ஹாரன்கூட முகப்புக் கேட்டைத் தாண்டியதும் அங்கே நிற்காமல் மாயம்மாள் வீட்டுக்கே போய்விடும். குடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர் நல்ல காற்றோட்டமான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிராங்க்ளின் அங்கே வீடு வாங்க வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. நாகல் நகரில் மைக்செட் கடை வைத்திருந்தவர். மாவட்டத்தில் அவர் குழாய் கட்டாத கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. காதுகுத்துக்குப் பத்துப் பேர் வந்தாலும் தெருவின் இரண்டு முனையிலும் ஆள் உயரப் பெட்டியை அடுக்கிவிடுவார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வருகிற அக்கம்பக்கத்தாரிடம், விசேஷ வீட்டில் சத்தம் இல்லாமல் எழவு வீட்டிலா இருக்கும் என்று கேட்டு அனுப்பிவிடுவார். ஒருநாள் அவருடைய காதுக்குள்ளேயே ஒரு விசில் பிறந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், விசில் நிற்கவில்லை. அதன்பிறகு சின்னச் சத்தமும் அவருக்கு ஆணி அடிப்பதுபோல இருந்தது. மனைவி மலர்விழி டம்ளரைக் கீழே வைத்தாலும் முகத்தைச் சுளித்தார். மைக்செட்டையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சத்தமில்லாத இடம் தேடிக் கிளம்பினார்.

கொடைரோட்டில் ஒரு வீடு பார்த்தார். ஸ்டேஷனுக்கு ஒரு மைல் தள்ளித்தான், ஆனாலும் சரக்கு ரயில் போனால் அலமாரியில் பாத்திரம் ஆடியது. பாலசமுத்திரத்தில் மாந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு கிடைத்தது. அட்வான்ஸ் கொடுக்கிற நேரம் பார்த்து மதில்மேல் மயில் ஒன்று வந்து உட்கார்ந்து அகவியது. வீட்டுக்காரர், “ஏனுங்க, மயிலு கத்துறதெல்லாம் ஒரு சத்தமுங்களா?” என்றார். பிராங்க்ளின் காரில் ஏறிவிட்டார். அப்போதுதான் சுருளிவேல் என்ற மனை புரோக்கர் அவரைச் சாந்தி கார்டனுக்குக் கூட்டிவந்தான். நடுத்தெருவில் ஒரு அணுகுண்டு வெடியை வைத்துத் திரியைக் கொளுத்தினான். காகிதம் சிதறியது, புகை வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மின்கம்பியில் இருந்த காக்கை தலையைக்கூடத் திருப்பவில்லை. பிராங்க்ளின் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த விசிலும் இல்லை. அன்றே பேசி முடித்தார்.

அவர் நன்றாகத் தூங்கினார், உடம்பு தேறியது. மலர்விழிக்குத்தான் அந்த வீடு ஒட்டவில்லை. அவள் ஓயாமல் பேசுகிறவள். கடையில் கல்லாவில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களிடம் பேசியே முப்பது வருஷத்தை ஓட்டியவள். இங்கே அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பேச வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் பிராங்க்ளின் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கையைக் காட்டிவிடுவார். பக்கத்து வீடுகளில் ஆள் இருந்தார்கள். வாசலுக்கு வந்து சிரித்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மலர்விழி சட்டி பானையோடு பேச ஆரம்பித்தாள். தன் குரலாவது தனக்குக் கேட்கிறதே என்று நாளெல்லாம் பேசினாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீரனும் மாயம்மாளும் நகர் வருவதற்கு முன்பிருந்தே குடியிருந்தார்கள். கொஞ்சம் ஆடு, ஓட்டு வீடு ஒன்று, கொல்லையில் முருங்கை. நகரில் முதல் வீடு கட்டியபோது அவர்கள் வீட்டுக்குள் கலவை இயந்திரம் ஓடியது. குடிவந்த பிறகு மிக்ஸி, டிவி, குளிக்கிறவர்களின் தொண்டைக் கனைப்பு, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் ஓட்டுச் சந்து வழியாகக் கொட்டின. கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. அவர்களுக்குப் பிறந்த தமிழ்நிலா என்ற பெண்குழந்தை முதலில் பேசிய வார்த்தை அம்மா அல்ல, ‘குக்கரை இறக்கு’ என்பது. குழந்தையைத் தூங்கவைக்க ஒரு பர்லாங் தள்ளிக் கருவேலங்காட்டில் தூளி கட்டினார்கள். பாம்பு நடமாட்டம் இருந்ததால் ஒருவர் காவல் இருக்க வேண்டியிருந்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டு வீரன் ஒருநாள் கேட்டுக்கு வந்து முறையிட்டான்; இப்படியே இருந்தால் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவோம் என்றான். நகரின் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளராக ஆகியிருந்த சுருளிவேல், சத்தத்தைப் பற்றித் தெரிந்த ஆள் என்று பிராங்க்ளினை அனுப்பிவைத்தான்.

பிராங்க்ளின் அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அத்தனை இரைச்சலுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது தன்னுடையது என்று அவருக்கு உடனே தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே மலர்விழியின் குரல் கேட்டது. புளிக்குழம்பு வைப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, ஊமையைக் கட்டியிருந்தால்கூடச் சாடை பேசியிருக்கும் என்றாள்.

மாயம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “உங்க வீட்டு அக்காதான சார்? பாவம். அம்புட்டுப் பேசுது, யாரும் ஏன்னு கேக்க மாட்டேங்குறீக.”

பிராங்க்ளினுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. வாய்க்காலைத் தாண்டுவதற்குள் அது கோபமாக மாறிவிட்டது.

சங்கம் கூடியது. அங்கே கூட்டம் என்றால் முழங்கால் முட்ட வட்டமாக நெருங்கி உட்காருவார்கள். அப்படியும் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குப் பாதிதான் கேட்கும். அந்தக் கூட்டத்தில் பேசியதை முழுசாகக் கேட்டவர்கள் வீரனும் மாயம்மாளும் மட்டுமே. பிராங்க்ளின் விளக்கினார்: சத்தம் எங்காவது இறங்கியாக வேண்டும், கேட்க மனுசக் காது இருக்கும் இடத்தில்தான் அது இறங்குகிறது, போன பொங்கலுக்கு அந்தக் குடும்பம் வேடசந்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே இரண்டொரு நாள் மிக்ஸி சத்தம் கேட்டதே, அதனால்தான், ஆகவே அவர்கள் போகக்கூடாது. யாரோ பணம் கொடுக்கலாம் என்றார்கள். சுருளிவேல் அதெல்லாம் வேண்டாம் என்றான். அவர்கள் இருப்பது வாய்க்கால் புறம்போக்கு. வீடு காலியாகக் கிடந்தால் மறுநாளே மனுப் போட்டு இடிக்க வைத்துவிடுவோம், இருந்தால் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னால் போதும். சொல்லிவர ஆள் அனுப்பத் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரியும். சொன்னபோதே போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மாயம்மாள் முருங்கைக்கீரை விற்கிற சாக்கில் மலர்விழி வீட்டு வாசலுக்கு வந்தாள். மூஞ்சியோடு மூஞ்சி நெருங்கி நின்று, “நேத்து தலை சுத்துதுன்னீகள்ல அக்கா, இப்பப் பரவால்லயா?” என்று கேட்டாள்.

மலர்விழி அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து மலர்விழி பேசியதெல்லாம் மாயம்மாளோடுதான். பாத்திரம் கழுவும்போது பேசுவாள், துணி மடிக்கும்போது பேசுவாள். சாயங்காலம் மாயம்மாள் ஆட்டை அடைத்துவிட்டு வந்து, காலையிலிருந்து கேட்ட எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லுவாள். கொல்லைப்புறத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சிரிப்பதை பிராங்க்ளின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரிப்பு கேட்கவில்லை. மனைவியின் முன்பல் வரிசை கோணல் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“அவகிட்ட என்னத்தச் சொல்ற?” என்று கிட்டே போய்க் கேட்டார்.

“எல்லாந்தான். உங்களப் பத்தியுந்தான்” என்றாள் மலர்விழி. “உங்களுக்குக் கேக்கவா போகுது.”

அடுத்த கூட்டத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தார் நகருக்குள் வரக்கூடாது என்று முடிவானது. நம் வீட்டு விஷயத்தையெல்லாம் தெரிந்த ஆள் நம் வாசலிலேயே நடமாடுவது ஆபத்து என்று பிராங்க்ளின் சொன்னதும், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பேசியதை நினைத்துப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். சுற்றுச்சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். கேட்டில் பாண்டியராஜ் என்ற காவலாளியைப் போட்டார்கள். மலர்விழிக்குப் பதில் வருவது நின்றது. ஆனாலும் அவள் பேசினாள். எந்தக் காதுக்குப் போகிறது என்று தெரிந்தே பேசினாள்.

சித்திரை மாதம், உச்சிவெயிலில், மலர்விழி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தலைசுற்றி விழுந்தாள். துவைக்கிற கல்லில் பின்மண்டை பட்டது. பிராங்க்ளின் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு சுவரும் திறந்து கிடந்த கதவும்தான். அவள் ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டாள். அது மாயம்மாள் வீட்டில் அடுப்புக்கு மேலே வந்து விழுந்தது.

மாயம்மாள் உலையை அப்படியே விட்டுவிட்டு, தூங்கும் குழந்தையை வீட்டில் போட்டுவிட்டு, வறண்ட வாய்க்காலில் இறங்கி ஓடினாள். பாண்டியராஜ் கேட்டைத் திறக்கவில்லை.

“உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காக அக்கா. எம் பொழப்புல மண்ணப் போட்றாத.”

“ஏலே, அந்தக்கா சாகக் கெடக்குடா. நீயாச்சும் ஓடு.”

“கேட்ட விட்டுப் போனா வேலய விட்டு எடுத்துருவாக.”

அவன் நல்லவன்தான். பிராங்க்ளினுக்கு போன் போட்டான். போன் படுக்கையறையில் சார்ஜரில் கிடந்து அடித்தது. அந்த மணியும் வாய்க்காலைத் தாண்டிப் போனது. மாயம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். அவள் போட்ட கூப்பாடு அவள் வீட்டுக்குள்ளேயே விழுந்து தமிழ்நிலாவை எழுப்பியது. கடைசியில் சுவரைச் சுற்றி ஓடி, வெளியே சுவரை ஒட்டி நின்ற வேம்பில் ஏறி, கண்ணாடிச் சில்லில் கை ஊன்றி உள்ளே குதித்தாள்.

ஜன்னலில் அவள் கையை ஆட்டுவதைப் பார்த்து பிராங்க்ளின் வாசல் கதவைத் திறந்தபோது அவளுடைய இரண்டு உள்ளங்கையிலிருந்தும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்து, “ஒன்னைய யாரு உள்ள விட்டது?” என்று கேட்டார்.

மாயம்மாள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். மலர்விழியின் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. குழாயை யாரும் மூடாததால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்கு முன் வீட்டில் ஜெபம் நடந்தது. வாய்கள் அசைந்தன. பாட்டுப் பாடினார்கள் என்று புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்ததால் தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாயம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். பிராங்க்ளின் குரல் அதில் இருந்ததா என்று பிறகு வீரன் கேட்டதற்கு, இல்லை என்றாள்.

இடித்தால் இடிக்கட்டும் என்று அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். குட்டியானை வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பிராங்க்ளின் வாய்க்காலைத் தாண்டி வந்தார். தாடி மழிக்காமல் இருந்தார். வீரன் அவரைப் பார்க்காததுபோல ஆட்டைத் தூக்கினான்.

“மலரு கடைசியா என்ன சொன்னா?” என்று பிராங்க்ளின் கேட்டார்.

மாயம்மாள் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னாள். “முதல்ல உங்களத்தான் கூப்புட்டுச்சு. ரொம்ப நேரம் கூப்புட்டுச்சு. அப்பறம் எம் பேரச் சொல்லுச்சு. அதுக்குப் பெறகு சொன்னது எனக்குச் சொன்னது சார்.”

“என்னன்னு சொல்லும்மா.”

“உங்களுக்கு எதுக்கு” என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அந்த வாரமே சத்தம் திரும்பி வந்தது. நகரில் உள்ளவர்கள் முதன்முதலாகப் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டார்கள். தங்களைப் பற்றி அங்கே பேசியதையும் கேட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கு அடிதடி ஆனது. பிராங்க்ளினின் விசில் முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பியது. அவர் தலையணையைக் காதில் கட்டிக்கொண்டு சுருளிவேல் வீட்டுக்குப் போய் ஒரு யோசனை சொன்னார். யோசனை நல்லதாக இருந்தது. மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு வாடகை இல்லாமல் அந்த வீட்டைக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன விழுந்தாலும் ஒன்றும் புரியப்போவதில்லை. வந்த புதிதில் அவர்கள் ஓட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மனை விலை இன்னும் ஏறியது. சுருளிவேல் இரண்டாம் கட்ட மனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறான்.

பிராங்க்ளின் இப்போது நன்றாகத் தூங்குகிறார். தானே சமைத்துக்கொள்கிறார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுகிறார். குழம்பில் உப்பு கூடிவிட்டது, முதுகு வலிக்கிறது, மலரு, நீ என்னதான் சொன்ன என்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ரொட்டி சுடும் பெண் அந்தக் குரல் வந்ததும் தலையைத் தூக்கி ஓட்டைப் பார்ப்பாள். கிழவன் சாப்பிட்டுவிட்டான் என்று தன் மொழியில் சொல்லிவிட்டு, புருசனுக்குத் தட்டு வைப்பாள்.