தடிச்சியின் வலப்பக்கம்

கட்டிலில் கணவன் படுக்கும் பக்கத்தில் ஒரு விமானம் படுத்திருந்தது. இறக்கை இல்லாத, வயிறு பெருத்த சரக்கு விமானம். மூக்கு தலையணையில் இருந்தது. வால் கால்மாட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நீளத்துக்கு வீட்டில் வேறு இடமில்லை. கூடத்து மேசையை இறக்கை வேலை பிடித்துக்கொண்டுவிட்டது. அவள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்துப் பழகிவிட்டாள்.

விமானத்துக்குத் தடிச்சி என்று பெயர் வைத்தது அவன்தான்.

ஒருநாள் சர்க்கரை கேட்டு வந்த கீழ்வீட்டு அக்கா, படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

"ஏண்டி, புருஷன் ஊர்ல இல்லாதப்போ யாரையோ பக்கத்துல படுக்க வெச்சிருக்கியேன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன்!"

"பொம்பளைதான்க்கா, பயப்படாதீங்க. பேரு தடிச்சி."

"குறட்டை விடுவாளா?"

"இன்னும் மோட்டார் மாட்டலை."

அக்கா சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். கதவைச் சாத்திய பிறகு, மிச்சமிருந்த சிரிப்பைத் தனியாகச் சிரித்து முடிக்க அவளுக்கு வரவில்லை.

அவள் கணவன் தூர தேசத்து விமான நிலையம் ஒன்றில் தரையில் வேலை பார்த்தான். வந்து சேரும் விமானத்துக்கு எதிரே நின்று, இரண்டு கையிலும் ஒளிரும் கோல்களைப் பிடித்து, இப்படி வா, அப்படித் திரும்பு, நில் என்று காட்டுகிற வேலை. அவன் நிற்கும் பக்கம் பெரும்பாலும் சரக்கு விமானங்கள்தான் வரும். அப்படி ஒன்றைச் சின்னதாகக் கட்டி, ரிமோட்டில் பறக்கவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. போன விடுமுறைக்கு வந்தபோது, துண்டு துண்டாக வரும் விமானக் கிட் ஒன்றை வரவழைத்துவிட்டான். சின்னது என்று அவன் சொன்னது, இறக்கை இரண்டும் மாட்டினால் கூடத்தை அடைத்துக்கொள்ளும் அளவு. மரப்பெட்டி நிறைய, எண் போட்டு வெட்டிய தக்கை மாதிரியான மரத்துண்டுகள், பாய்போல் சுருட்டிய வரைபடங்கள்.

அந்த விடுமுறையில் உடலை முடித்தார்கள். பசை காயும்வரை ஒரே துண்டை ஆளுக்கொரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எழுந்து போக முடியாது. அதனால் பேசினார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பேசாததையெல்லாம் பசையின் புண்ணியத்தில் பேசித் தீர்த்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அவன் மரத்தைப் பங்கு போட்டான். வரைபடத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டான். "நீ இடது இறக்கையைக் கட்டு. நான் வலதை எடுத்துட்டுப் போறேன். அங்க ரூம்ல சுவத்தை வெறிச்சுப் பார்த்துட்டுத்தானே கிடக்கேன்."

"வரைபடத்துல ஒரு இறக்கைதாங்க இருக்கு. இன்னொண்ணுக்குத் தாளைத் திருப்பிப் போட்டு எண்ணெய் தடவணுமாம். அப்பதான் கோடு இந்தப் பக்கம் தெரியுமாம்."

"எதைத் திருப்பணும்னு எனக்கா சொல்ற? ராவும் பகலும் இறக்கையைத்தானே பார்த்துட்டு நிக்கறேன்!" என்றவன், பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னான்: "ரெண்டும் சேர்ந்து தடிச்சி பறந்துட்டான்னு வை, ஒப்பந்தத்தை நீட்டிக்கவே மாட்டேன். வந்துடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். வரைபடத்தில் இருந்தது இடது இறக்கை, பார்த்ததுமே தெரிந்தது. திருப்பும் வேலை அவளுக்கு இல்லை. தாளை விரித்து, அதன்மேல் கண்ணாடித்தாள் போட்டு, இறக்கையின் குறுக்கே நிற்கும் விலாத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டினாள். அடுத்த துண்டை அழுத்த இன்னொரு விரல் இல்லாததால் அகராதியை வைத்து அழுத்தினாள். அகராதி நன்றாகவே அழுத்தியது. பேசத்தான் இல்லை.

வாரக் கடைசியில் அவன் கூப்பிடுவான். நாளாக ஆகப் பேச்சு இறக்கையளவுக்குச் சுருங்கிவிட்டது.

"எத்தனாவது விலா?"

"பாதி தாண்டியாச்சு. உங்களுது?"

"நானும்தான். உன் மேசையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா இருக்குமே?"

சமையல் மேடையைச் சொல்கிறான் என்று நினைத்து, "துடைச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

"போட்டோ அனுப்புங்களேன்" என்று அவள் கேட்டால், "கண்ணு பட்டுடும். நேர்ல பாரு" என்பான். பின்னால் ஏதாவது ஒரு விமானத்தின் இரைச்சல் பெருகும். அது ஓயும்வரை இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். ஓய்ந்த பிறகு, என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோயிருக்கும்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். சில்லைத் தேய்த்து வளையத்துக்குள் பொருத்த வேண்டும். தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரமும் அவளும் மட்டும்தான். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு: வலது என்றால் போட்டுக்கொள்பவரின் வலது. எதிரில் நின்று பார்ப்பவருடையது அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு இரண்டையும் மாற்றிப் பொருத்திவிட, அவர் கடைவாசலிலேயே தடுக்கி விழுந்தார். அதற்கப்புறம் உலகத்தில் இன்னொரு வலது இருப்பதாகவே அவள் நினைத்ததில்லை.

அவன் குறுகிய விடுமுறையில் வந்தான். பெட்டி படுக்கையோடு ஓர் ஆள் நீள அட்டைப்பெட்டியும் மாடியேறி வந்தது. காப்பியைக்கூடக் குடிக்காமல் இரண்டு பேரும் தடிச்சியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். அவள் தன் இறக்கையை மாட்டினாள். சொருகியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் தன்னுடையதைப் பிரித்து எடுத்தான். அவளுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. தேய்த்த மரம் சோப்புக் கட்டிபோல் வழவழத்தது.

மறுபக்கம் கொண்டுபோய் வைத்தான். இறக்கையின் தடித்த முன்விளிம்பு வாலைப் பார்த்தது. திருப்பி வைத்தான். முன்விளிம்பு சரியாக வந்தது. ஆனால் மேலே இருக்க வேண்டிய வளைவு கீழே போய்விட்டது. மறுபடி திருப்பினான்.

"ஏங்க..." என்றாள். "இதுவும் இடதுங்க."

அவன் முழித்தான். பிறகு சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒரே காலுக்கு இரண்டு செருப்பு வாங்கிவந்த மாதிரி இருக்கிறது என்றான். அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவன் இறக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சரி விடு. அடுத்த லீவுல பார்த்துக்கலாம்" என்றான்.

அத்தனை சுலபமாகச் சொன்னதுதான் அவளை அறுத்தது.

மறுநாள் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ராவும் பகலும் இறக்கையையே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு வலது எது, இடது எது என்று தெரியாதா? பறந்தால் வந்துவிடுகிறேன் என்றான். பறக்காமல் இருக்க ஒரு வழி வேண்டும். போட்டோகூடக் காட்டாமல் அத்தனை நேர்த்தியாக ஒரு தப்பு. வலி தெரியாமல் செய்ய வேண்டும் என்றுதான் அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தானோ?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் கூடத்தில் நின்றிருந்தான். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. தடிச்சியின் மூக்குக்கு நேர் எதிரே, கால் அகட்டி, கைகளில் கோல் இருப்பதுபோல் உயர்த்திப் பிடித்திருந்தான். முகத்தில் அவள் பார்த்திராத ஒரு பணிவு. பெரியவர் யாரோ வருவதை எதிர்கொள்கிற மாதிரி. வலது கையை மெல்ல அசைத்தான்.

"இதானே வலது" என்று தனக்குள் முனகினான். "தாள்லயும் இந்த இறக்கைதானே இருந்துச்சு. அப்படியேதானே கட்டினேன். எங்க தப்பு?"

அவன் கை காட்டியது அவள் மாட்டிய இடது இறக்கையை.

அவள் பையை வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். வேண்டுமென்று செய்த தப்பில்லை என்பது புரிந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது. இத்தனை வருடமாக வருகிற விமானங்களுக்கு எதிரே நின்றே இவன் காலம் போயிருக்கிறது. போகிற ஒன்றையாவது பின்னாலிருந்து பார்க்க நேரம் இருந்ததா?

"நீங்க எதுக்க நிக்கறீங்க" என்றாள்.

திடுக்கிட்டுக் கையை இறக்கினான். "எப்ப வந்த?"

"இப்பதான். இங்க வாங்க, வால் பக்கம். என் பக்கத்துல வந்து நில்லுங்க."

வந்து நின்றான். இருவரும் ஒரே திசையில், தடிச்சி பார்க்கும் பக்கமாகவே பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

"இப்ப வலதைக் காட்டுங்க."

கையைத் தூக்கினான். இறக்கை இல்லாத பக்கத்தைக் காட்டியது.

"அடச்சே!" என்றான். அசட்டுச் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது. "இந்தப் பக்கத்துலேருந்து நான் பார்த்ததே இல்லை."

"நான் இந்தப் பக்கத்துலேருந்துதான் பார்த்துட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க போகும்போது."

அவன் சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தான். வரைபடத்தைத் திருப்பிப் போட்டான். வெள்ளைத் தாளில் அவள் எண்ணெயைத் தடவத் தடவ, அடியிலிருந்து கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பசை இளகும்படி அவனுடைய இறக்கையை நனைத்துப் பிரித்தார்கள். தேறிய துண்டுகளை வைத்து வலதைத் தொடங்கினார்கள். மறுபடி ஒரே துண்டில் ஆளுக்கொரு விரல். இந்த முறை அதிகம் பேசவில்லை. பாதி விலாக்கள் நின்றபோது அவன் கிளம்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தத்தைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வாரக் கடைசியில் கூப்பிட்டான். "அடுத்த விலாவை ஒட்டிட்டியா?"

"இல்லை."

"ஏன், பசை தீர்ந்துபோச்சா?"

"பசை இருக்கு. அந்தப் பக்கம் உங்களுது. எப்படி வெச்சுட்டுப் போனீங்களோ அப்படியே மேசையில இருக்கு. குண்டூசியைக்கூட நான் எடுக்கலை. தனித்தனியா கட்டினா ரெண்டும் இடதாத்தாங்க வரும்."

பின்னால் இரைச்சல் பெருகியது. ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. யாரோ அதற்கு எதிரே நின்று கை காட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் காதிலிருந்து போனை எடுக்காமல் காத்திருந்தாள். இரைச்சல் ஓய்ந்தது. இந்த முறை அவன் சொல்ல வந்ததை மறக்கவில்லை.

"நேத்து கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாங்க. வேண்டாம்னுட்டேன். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் இருந்துட்டு வரச் சொல்றாங்க."

"எப்ப கிடைப்பாங்களாம்?"

"தெரியலை. வந்துடறேன்."

"சரி" என்றாள்.

போனை வைத்தபோது ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. படுக்கையறைக்குப் போனாள். தடிச்சியை ஒரு கையால் வயிற்றடியிலும் மறு கையால் வாலடியிலும் தாங்கித் தூக்கினாள். இத்தனை பெரிய உடம்பு இவ்வளவு லேசாக இருப்பது எப்போதும்போல் ஆச்சரியமாக இருந்தது. கூடத்துத் தரையில் போர்வையை விரித்து அதன்மேல் இறக்கிவைத்தாள். திரும்பி வந்து அவன் பக்கத்துத் தலையணையிலிருந்த மரத்தூளைத் தட்டினாள். விரிப்பை இழுத்துவிட்டாள்.

கட்டில் திடீரென்று ரொம்பப் பெரிதாகிவிட்டது. அவள் தன் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, காலியான அந்த இடத்தை இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.